வெறும் தட்டு

1

போன கிறிஸ்துமஸுக்கு மதுரையில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மனைவியிடம் பாதி சொன்னேன். மீதியை அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கொலைக் குற்றமெல்லாம் இல்லை. ஒரு தட்டைக் கழுவித் துடைத்து, அதன் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துவிடலாம் என்று ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி கிரேஸ் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் ஜெனி, பதினான்கு வயது. மதுரையில் எனக்கென்று மிச்சமிருப்பது தல்லாகுளத்தில் ஒரு வீடும், அதில் தனியாக இருக்கும் என் அக்கா எஸ்தரும். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அப்பா போனாரு, அம்மா போனாங்க, தம்பி கனடா போனான்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வாள். கேட்பவர்கள் எனக்கும் சேர்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

இந்தத் தீபாவளி முடிந்த வாரம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அப்போது அவள் சொன்ன ஒரு பேச்சுதான் என்னை இதை எழுத உட்கார வைத்திருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

2

கனடா கிறிஸ்துமஸ் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. பனி, மணியோசை, மரம், அமைதி. பனி இருக்கிறது, அதை நாம்தான் வாரிக் கொட்ட வேண்டும். மற்றபடி நவம்பர் பாதியிலேயே கடைகளில் பாட்டுப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். டிசம்பர் பிறக்கும்போது அந்தப் பாட்டைக் கேட்டாலே பல் கூசுகிறது. எதிர் வீட்டுக்காரர் வாசலில் காற்றடைத்த கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவரை நிறுத்துவார். பகலில் காற்றை இறக்கிவிடுவதால் நாள் முழுக்கத் தாத்தா குப்புற விழுந்து கிடப்பார். எனக்கு அவரைத்தான் கொஞ்சம் பிடிக்கும்.

ஆபீஸில் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்து, அந்தப் பெயருக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். யாருக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வருஷா வருஷம் எனக்கு வாசனை மெழுகுவத்தி வரும். நானும் யாருக்காவது வாசனை மெழுகுவத்தி கொடுப்பேன். வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது, கரண்ட் போகிற ஊராக இருந்தாலாவது உதவும்.

ஜெனி சின்னப்பிள்ளையாக இருந்தபோது கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவாள். இப்போது எனக்கு லிங்க் அனுப்புகிறாள். எந்த நிறம், எந்த அளவு எல்லாம் அதிலேயே இருக்கும், நான் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவள் முகத்தில் ஆச்சரியம் வருகிறதா என்று ஆசையாகப் பார்ப்பேன். பெட்டி வாசலுக்கு வந்ததுமே அவள் போனுக்குத் தகவல் போய்விடுகிறது, பிறகு ஆச்சரியம் எங்கிருந்து வரும்?

இங்கே பரிசோடு ரசீதும் வைத்துக் கொடுப்பார்கள். விலை மட்டும் அதில் இருக்காது. பிடிக்கவில்லையென்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் கடை வாசலில் வரிசை நிற்கும். முந்தின நாள் கட்டிப்பிடித்து நன்றி சொல்லி வாங்கிய பொருளையெல்லாம் திருப்பிக் கொடுக்கிற வரிசை. யாருக்கும் யார் மேலும் வருத்தம் கிடையாது. நானும் நின்றிருக்கிறேன். கிரேஸ் எனக்கு வாங்கித் தந்த ஸ்வெட்டரை அவளோடேயே போய்க் கொடுத்துவிட்டு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தேன். பொருளைச் சுத்தமாக, சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பது இந்த ஊர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். நல்ல மாணவனாக இருந்திருக்கிறேன்.

3

போன வருஷம் நவம்பரில் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார்: இந்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் எதுவும் வாங்கப் போவதில்லை, வீட்டில் சும்மா இருக்கப் போகிறோம், எளிமையாக. அந்தச் சொல் எனக்கு அப்படியே பிடித்துப்போய்விட்டது. உடனே மதுரை ஞாபகம் வந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு புதுச்சட்டை, ஒரு கோழி, வாசலில் காகிதம் ஒட்டிய மூங்கில் நட்சத்திரம். பரிசு என்ற பேச்சே கிடையாது. ஜெனிக்கு அதைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

முடிவு செய்ததும் படிவங்கள் பிடித்துக்கொண்டன. ஜெனிக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்திருந்ததால் இந்தியா போய்வருகிற அட்டையையும் புதுப்பிக்க வேண்டும். போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு தடவை திருப்பினார்கள். பின்னால் நிழல் விழுகிறது என்று ஒரு தடவை. கண்ணுக்குத் தெரிகிற அங்க அடையாளம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஜெனி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே இல்லப்பா, உள்ள விடமாட்டாங்களா?" என்றாள். முழங்கையில் ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்து எழுதினோம். கிரேஸுக்கு லீவு கிடைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் பிள்ளைகள் பூங்கொத்தோடு வந்து பார்க்கிற ஒரே வாரம் அது, ஆள் தேவை.

அக்காவுக்கு வாட்ஸாப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ரொம்ப சிம்பிளாக இருக்க வேண்டும். பரிசு வேண்டாம், புதுத்துணி வேண்டாம், கடைப் பலகாரம் வேண்டவே வேண்டாம். நீ, நான், ஜெனி, மூன்று பேர் மட்டும். வீட்டிலேயே ஏதாவது செய்து சாப்பிடுவோம்.

அக்கா ஒரே வரியில் பதில் போட்டாள்: "வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையேடா?"

வேலை போகவில்லை என்று நம்பவைக்கப் போன் பண்ண வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அடேய், கடையில வாங்குறதுதாண்டா எனக்கு சிம்பிள். இந்த முழங்கால வச்சுக்கிட்டு யாரு எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கிறது? அம்மாவும் நானும் மூணு நாளு அடுப்படியிலயே கெடந்தோம். நீ தெருவுல பம்பரம் விட்டுட்டு வந்து தின்ன. உனக்கு சிம்பிளாத்தான் இருந்துச்சு."

சிரித்து மழுப்பினேன். பலகாரமே வேண்டாம்க்கா, ஒரு கோழிக் குழம்பு போதும் என்றேன்.

"சரிடா, உன் இஷ்டம்."

டீச்சர்கள் உன் இஷ்டம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று ஸ்கூலில் படித்த எல்லாருக்கும் தெரியும். நான் மறந்திருந்தேன்.

4

இப்போது தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு அடுத்த வீடு பாண்டியம்மாக்கா வீடு. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து தல்லாகுளத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. என் அக்காவுக்கும் அவருக்கும் ஒரே வயசு. வந்த ஒரு மாசத்தில் 'எஸ்தரு', 'பாண்டி' என்று இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பேச ஆரம்பித்தார்கள். நாற்பது வருஷம் பேசினார்கள்.

தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் அதிரசமும் முறுக்கும் லட்டும் வரும். அவருடைய சீர்வரிசையில் வந்த தட்டு. விளிம்பில் 'சோ. பாண்டியம்மாள்' என்று பெயர் வெட்டியிருக்கும். சோ என்றால் அவர் அப்பா சோணை. அந்தத் தட்டு உடனே திரும்பிப் போகாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் அடுப்படிப் பலகையில் இருக்கும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அச்சு முறுக்கும் கேக்கும் ஏறிக்கொண்டு சொந்த வீட்டுக்குப் போகும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, அப்படியே நடந்துவந்தது.

வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மா இறந்த வருஷம் வீட்டில் பலகாரம் சுடவில்லை. அப்போதும் அக்கா இரண்டு வாழைப்பழத்தை வைத்துத்தான் தட்டை அனுப்பினாள். வெறும் தட்டு போனால், இனிமேல் உன் வீட்டோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று அர்த்தம்.

அந்தத் தட்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எங்கள் ஆட்களில் சிலபேர் தீபாவளிப் பலகாரத்தைத் தொடமாட்டார்கள், சாமிக்குப் படைத்தது என்பார்கள். முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக யாருக்காவது கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. தெருவுக்கே இது தெரியும். ஒருமுறை சபையில் பெரிய மனுஷர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இதெல்லாம் சாப்பிடலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஒரு அதிரசத்தை எடுத்து அவர் எதிரிலேயே கடித்தார், இன்னொன்றை அவர் பக்கம் நகர்த்தினார். பாண்டியம்மாக்கா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எத்தனையோ வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டுக்காரர்கள் எங்களை நம்பியது அந்த அதிரசத்தை வைத்துத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்துபோனாள். சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைப் பெயர்த்தவன் பாண்டியம்மாக்கா மகன் முருகேசன். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவன்தான். கை கூடுகிற வரைக்கும் பாண்டியம்மாக்கா தினமும் காலையில் வந்து அக்காவுக்குத் தலை பின்னிவிட்டார். எனக்கு இரண்டு நாள் கழித்து மாவுக்கட்டுப் போட்ட கையின் போட்டோ வந்தது. நான் கும்பிடுகிற கைப்படம் ஒன்று அனுப்பினேன்.

5

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். அக்கா மாதர் சங்கத்துப் பெண்களோடு சர்ச்சை அலங்கரிக்கப் போயிருந்தாள். வீட்டில் நானும் ஜெனியும். எளிமை என்று வந்தாகிவிட்டது, முதலில் அடுப்படியை ஒழுங்குபடுத்தலாம் என்று எனக்கு ஒரு வேகம். மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள், கைப்பிடி உடைந்த கரண்டி. எல்லாவற்றையும் சாக்கில் போட்டோம். பலகையின் மேல்தட்டில் அந்தத் தட்டு இருந்தது.

வழக்கம் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் மன்னித்துவிடுவீர்கள். தெரியும். பெயரைப் பார்த்தேன், ஞாபகம் வந்தது. அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. இந்தப் பலகாரப் பரிமாற்றமும் ஒரு சுமைதானே, அவர்களுக்கும் வயசாகிவிட்டது, அக்காவுக்கு முழங்கால் வலி, யாராவது ஒருவர் நிறுத்தினால் இரண்டு பேருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். அக்காவுக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன். ஜெனி சோப்புப் போட்டுத் தேய்த்தாள், நான் துணியால் துடைத்தேன். பளபளவென்று இருந்தது.

பாண்டியம்மாக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாடா சாமு! எப்படா வந்த? எஸ்தரு சொல்லிக்கிட்டே இருந்தா. இது ஜெனியா? ஆத்தீ, இம்புட்டு உசரமா வளந்துட்டாளே!"

தட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். மேலே பார்த்தார். பிறகு அடியில் ஏதாவது இருக்குமோ என்பதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"தீபாவளித் தட்டுக்கா. இந்த வருசம் எல்லாம் சிம்பிளா வச்சுக்கலாம்னு. இனிமே இந்தப் பலகாரம் குடுக்குறது, வாங்குறது எல்லாம் வேண்டாமேக்கா. உங்களுக்கும் வீண் சிரமம்."

"எஸ்தரு சொல்லிவிட்டாளா?" என்று கேட்டார்.

இல்லை, அவளுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. எனக்கு என் முடிவு மேல் அவ்வளவு நம்பிக்கை. "எல்லாரும் பேசித்தான்க்கா முடிவு பண்ணோம்" என்றேன்.

உள்ளேயிருந்து மருமகள் யார் என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டு ஆளுக" என்றார் பாண்டியம்மாக்கா. உள்ளே வா என்று சொல்லவில்லை. தட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு திரும்பக் கீரையை எடுத்தார். நாங்கள் வந்துவிட்டோம்.

6

அக்கா சர்ச்சிலிருந்து வந்து தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள் அங்கேயே நின்றாள்.

"இங்க இருந்த தட்ட எங்கடா?"

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"என்ன வச்சுக் குடுத்த?"

"ஒண்ணும் வைக்கல. சிம்பிளா..."

"ஒரு பிடி சீனிகூடவாடா வைக்கல?"

அவள் பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்குக் கீழே இரண்டு டப்பா கேக்கும் ஒரு பொட்டலம் அச்சு முறுக்கும் இருந்தன. நான் திட்டுவேன் என்று ஒளித்து வைத்திருக்கிறாள். அறுபது வயசுக்காரி, தம்பிக்குப் பயந்து, தன் வீட்டில், தன் பீரோவில். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, "இதுக்குப் போயா அவங்க கோவிச்சுக்குவாங்க?" என்றேன்.

அக்கா கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனிடம் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டாள்: "சாமு, நாளைக்கு நான் மறுபடி விழுந்தா கதவப் பேக்க நீயாடா கனடாவுலருந்து வரப்போற?"

ஜெனி என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாம திருப்பித்தானே குடுத்தோம்? க்ளீனாத்தானே குடுத்தோம்?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. நான் வளர்த்த பிள்ளை.

அக்கா உடனே கிளம்பி அடுத்த வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பினாள். பாண்டியம்மாக்கா மகள் வீட்டுக்கு அலங்காநல்லூர் போய்விட்டதாக மருமகள் சொன்னாளாம். கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் வருவாராம்.

மறுநாள் பால் வாங்கப் போனபோது முருகேசன் வண்டியை நிறுத்தினான். சின்ன வயசில் என் தோளில் ஏறி விளையாடியவன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? எங்க வீட்டுப் பலகாரம் ஆகாமப் போச்சாண்ணே? சபை கிபை மாறிட்டீகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ, அதெல்லாம் இல்ல மாப்ள" என்று ஆரம்பித்தேன். அங்கே எல்லாம் வியாபாரமாகிவிட்டது, எங்களுக்கு எல்லாமே அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது, அதனால் குறைத்துக்கொள்கிறோம் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

முழுதும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "உங்களுக்குக் கூடிப்போச்சுன்னா உங்க ஊர்ல கொறைங்கண்ணே. அம்மா நேத்து யாருகிட்டயும் சரியாப் பேசாமக் கெளம்பிப் போயிருச்சு. போறேண்ணே." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

7

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு அக்கா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் போட்ட சட்டப்படிதான். மதுரைச் சர்ச்சில் கிறிஸ்துமஸ் அன்றைக்குப் புதுத்துணி இல்லாமல் வருகிறவர்கள் துக்க வீட்டுக்காரர்கள், இல்லையென்றால் வாங்க வழியில்லாதவர்கள். வெளியே வந்ததும் நாலு பேர் கேட்டார்கள், தம்பி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாரே, டீச்சருக்கு ஒரு சேலைகூட எடுத்துத் தரவில்லையா என்று. அக்கா சிரித்துச் சமாளித்தாள். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். எத்தனையோ கிறிஸ்துமஸ் அவள் வேண்டாவெறுப்பாகக் கட்டிய புதுச்சேலை எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. அது அவளுக்கு ஆடம்பரம் இல்லை, தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு ஒரு சீருடை.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய தட்டை எடுத்தாள். 'எஸ்தர்' என்று பெயர் வெட்டியது. முதல் சம்பளத்தில் வாங்கியது. கேக்கைத் துண்டு போட்டு, அச்சு முறுக்கை அடுக்கி, நாலு வாழைப்பழம் வைத்தாள். ஒரு மூலையில் ஒரு பிடி சீனியும் போட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

பாண்டியம்மாக்கா வாசலுக்கு வந்தார். "வாங்க டீச்சர். ஹாப்பி கிறிஸ்மஸ். உக்காருங்க."

அக்கா நின்றுவிட்டாள். நாற்பது வருஷமாக அந்த வாயில் எஸ்தரு என்றுதான் வந்திருக்கிறது.

"பாண்டி, இவன் கூறுகெட்டுப் போய்..."

நான் குறுக்கே புகுந்தேன். "தப்பு என்னோடதுக்கா. அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது. நானாத்தான் தட்டக் கொண்டுவந்தேன்."

"விடுங்க தம்பி" என்றார் பாண்டியம்மாக்கா. "எல்லாரும் பேசித்தானே முடிவு பண்ணீக. நீங்கதான சொன்னீக."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அந்த வார்த்தை தெரியாது. தட்டைக் கொடுத்ததை மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன், அவள் பெயரையும் சேர்த்துக் கொடுத்ததைச் சொல்லவில்லை. நான் பொய் சொன்னேன்க்கா என்று பாண்டியம்மாக்காவிடம் சொன்னேன். எதற்காகப் பொய் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. அக்காவைக் காப்பாற்ற இப்போது பொய் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

காப்பி கொடுத்தார்கள். குடித்தோம். தட்டை மருமகள் உள்ளே கொண்டுபோனாள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது டீச்சர் என்று விசாரித்தார் பாண்டியம்மாக்கா, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரை விசாரிக்கிற மாதிரி. ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை.

மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மருமகள் வந்து அக்காவின் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். கழுவி, ஈரம் போகத் துடைத்து. வெறும் தட்டு.

அக்கா அதை வாங்கி அடுப்படிப் பலகையில் வைத்துவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். கோழிக் குழம்பு. பரிசு இல்லை, புதுத்துணி இல்லை, கடைச் சாமான் இலையில் இல்லை. நான் கேட்டபடியே மூன்று பேர் மட்டும். ஜெனி சாப்பாட்டைப் போட்டோ எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள். அழகாக இருக்கிறது, பொறாமையாக இருக்கிறது என்று கிரேஸ் பதில் போட்டாள்.

8

திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வந்த கையோடு அக்காவுக்கு ஒரு கருவி வாங்கி அனுப்பினேன். கழுத்தில் மாட்டிக்கொள்கிற பொத்தான். விழுந்தால் அழுத்தலாம். அழுத்தினால் என் போன் அடிக்கும். இருபது மணி நேர விமானப் பயணத்துக்கு அந்தப் பக்கம் அது அடித்து நான் என்ன கிழிக்கப் போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அக்கா அதை மாட்டிக்கொள்வதில்லை, ஆணியில் தொங்குகிறது.

இந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. ஜெனி லிங்க் அனுப்பினாள், அழுத்தினேன். ஆபீஸில் சீட்டு எடுத்தேன். எதிர் வீட்டுத் தாத்தா குப்புறக் கிடக்கிறார்.

தீபாவளிக்குப் பிறகு அக்கா கூப்பிட்டாள் என்று சொன்னேனே. உடம்பு, மழை, வைகையில் தண்ணீர் எல்லாம் பேசினோம். பாண்டியம்மாக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லாருக்காங்க, பார்த்தா சிரிப்பாங்க என்றாள். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"தீபாவளிக்குத் தட்டு வந்துச்சாக்கா?"

அக்கா போனைத் திருப்பி அடுப்படியைக் காட்டினாள். பலகையின் மேல்தட்டில் ஒன்றும் இல்லை. தூசிகூட இல்லை, துடைத்து வைத்திருந்தாள்.

"பாத்துக்க" என்றாள். "நீ சொன்ன மாதிரியே ரொம்ப சிம்பிளா இருக்குடா."